சர்க்கரை தின்ற மறுநாள்

கண் விழித்தாயிற்று. கூரையில் பல்லி ஓடுவது தெரிகிறது. கொட்டகையில் மாடு கொம்பை உரசுவது காதில் விழுகிறது. எழுந்து போய்ச் சோளத்தட்டை போட வேண்டும் என்ற நினைப்புகூட வந்துவிட்டது. உடம்பு மட்டும் வரவில்லை. என் நோய் இவ்வளவுதான். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, மயக்கம் கிடையாது. காலைத் தூக்கு என்று நான் உத்தரவு போடுகிறேன், கால் தன் பாட்டுக்குக் கிடக்கிறது. கை அதற்கு மேல். பேசலாம், விழுங்கலாம், கண்ணை உருட்டலாம், பார்க்க வருகிறவர்கள் சொல்லும் வைத்தியத்தையெல்லாம் கேட்டுத் தொலைக்கலாம். மத்தியானத்துக்கு மேல் கால் விரல் ஒன்று அசையும். பொழுது சாய்வதற்குள் எழுந்து நடந்துவிடுவேன். மறுநாள் வேலையில் இரண்டு ஆளுக்குச் சமம்.

இப்படி ஒரு நோயை யார் நம்புவார்கள்? என் அண்ணன் நம்பவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டுக்காரன் இப்படிக் கிடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

முதல் தடவை வந்தது இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். எனக்கு இருபத்து நான்கு வயது. வேப்பந்தட்டைப் பக்கம் கம்பும் சோளமும் பருத்தியும் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஒரு கிணறு, அதில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற ஒரு கவலை. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். பதிமூன்று வயது மூத்த அண்ணன்தான் என்னைத் தூக்கி வளர்த்தார். அவர் மகளுக்கு அந்த வருஷம் காது குத்தினோம். ரேஷன் காலத்தில் நெல்லுச் சோறு கண்ணில் படுவதே விசேஷம். பந்தக்கால் நட்டது முதல் தண்ணீர் சுமந்தது வரை நான்தான். அந்த அலுப்புக்கும் சேர்த்து மூன்று முறை சோறு வாங்கினேன், பாயசத்தை இலையில் ஊற்றி வழித்துத் தின்றேன். மறுநாள் காலையில் கட்டையாகக் கிடந்தேன்.

“எந்திரிடா, விருந்து முடிஞ்சு போச்சு,” என்று அண்ணன் காலால் பாயைத் தட்டினார்.

“முடியலைண்ணே.”

“நேத்து மூணு தடவ வாங்கித் தின்னப்ப முடிஞ்சுதுல்ல?”



அப்புறம் நான்கு மாதத்தில் ஐந்து தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் என் கெட்ட நேரம், மறுநாள் செய்ய வேண்டிய வேலை மலையாகக் குவிந்திருக்கும். பருத்தி எடுக்கிற அன்றைக்குக் கிடந்தேன். கவலை ஓட்ட வேண்டிய அன்றைக்குக் கிடந்தேன். இரண்டு தடவை என் மனைவி அஞ்சலை அழுது புரண்டு என்னைப் பெரம்பலூருக்குப் பஸ் ஏற்றினாள். பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டுகிற பஸ் அப்போது. ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். தூக்கி ஏற்றப்பட்ட நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் தேறிவிடுவேன். ஒரு தடவை நானே இறங்கி பஸ்ஸைத் தள்ளினேன். டாக்டர் முன்னால் நிமிர்ந்து போய் நின்றால் அவர் என்ன கண்டுபிடிப்பார்? நரம்புத் தளர்ச்சி என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

கடைசியில் அண்ணன் தீர்த்துச் சொல்லிவிட்டார். “அரியலூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். அங்க போய்ப் படு. ஒனக்கு வியாதின்னு அவங்க சொல்லட்டும், நான் உக்காத்தி வச்சுச் சோறு போடுறேன். ஒண்ணுமில்லைன்னு சொன்னா, ஒம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வேற வூடு பாத்துக்க.” இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீடு போவதுகூட எனக்குப் பெரிசாகப் படவில்லை. என்னைப் பொய்யன் என்று நினைத்துவிட்டாரே என்பதுதான் நெஞ்சில் தைத்தது.

அரியலூரில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எட்டுக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி ஒன்று அப்போது இருந்தது. டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டினார், உள்ளங்காலில் சாவியால் கீறினார், கையை அழுத்தச் சொன்னார். நான் அழுத்திய அழுத்தில் “போதும் போதும்” என்று கையை உருவிக்கொண்டார்.

“இப்ப உங்களுக்கு ஒண்ணுமில்லை,” என்றார். “ஆனா அன்னைக்கு என்ன இருந்துச்சுன்னு இன்னைக்குப் பாத்து எனக்கு எப்படித் தெரியும்? அது வர்ற வரைக்கும் இங்கேயே இருங்க.”

தெரியாது என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்ன டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நிமிஷமே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

நோய் போக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படுப்பார்கள். நான் நோய் வர வேண்டும் என்று படுத்தேன். மலேரியாவா என்று விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்த்தார்கள். முதுகெலும்பின் இடுக்கில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற நீரில் கொஞ்சம் எடுத்தார்கள். இளம்பிள்ளை வாதம் மாதிரி ஏதாவது இருந்தால் அதில் தெரியுமாம். எல்லாம் சுத்தம். பதினாறு நாள் போயிற்று, நோய் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் கையளவு சோறும் மோரும், ராத்திரி மறுபடி கஞ்சி. பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும், கம்பவுண்டர் அந்தோணிக்கு மருந்துப் புட்டி கழுவிக் கொடுப்பதுமாக நான் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி ஆகிவிட்டேன்.

அண்ணன் ஒரு நாள் வந்தபோது நான் இரண்டு குடம் தூக்கிக்கொண்டு எதிரே வந்தேன். அவர் நின்று பார்த்தார். “நல்லா இருக்குடா ஒன் வியாதி,” என்று சொல்லிவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அஞ்சலை வந்தாள். கையில் ஒரு தகர டப்பா. திறந்தால் வெள்ளை வெளேரென்று சர்க்கரை.

“ஏது இவ்ளோ?”

“எல்லார் பங்கும்ங்க. அக்கா ரெண்டு மாசமாச் சேத்து வச்சிருக்காங்க. மாமா பங்கும் இதுலதான் இருக்கு. கஞ்சி குடிச்சு எளைச்சுப் போயிட்டான், சக்கரை போட்டுக் குடுன்னு மாமாதான் சொன்னாங்க.”

அக்கா என்று அவள் சொன்னது அண்ணியை, மாமா என்றது அண்ணனை. நடிக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், பெரம்பலூர் ரேஷன் கடையில் வெயிலில் நின்று வாங்கிய சர்க்கரையில் தன் பங்கைத் தொடாமல் எனக்கு அனுப்பியிருந்தார். அந்த அன்புக்குப் பதில் மரியாதையாக, அஞ்சலை வடித்துக் கொடுத்த பச்சரிசிச் சோற்றில் பாலை விட்டு, சர்க்கரையைக் கை கையாக அள்ளிப் போட்டுப் பிசைந்து, ஒரு சட்டியைக் காலி செய்தேன்.

விடிந்தது. வந்துவிட்டது.

டாக்டரம்மா ஓடி வந்தார். சுத்தியலால் தட்டினால் முழங்கால் அசையவில்லை. அவர் முகத்தில் கவலை, எனக்கோ உள்ளுக்குள் கல்யாணக் களை. “பாத்துக்குங்கம்மா, நல்லாப் பாத்துக்குங்க,” என்றேன். அவர் பார்த்தார். பலவீனத்துக்கு அந்த நாளில் எல்லா இடத்திலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். குளுக்கோஸ் ஊசி, பெரிய ஊசி, கை நரம்பில். குளுக்கோஸ் என்பது சர்க்கரையின் இன்னொரு வடிவம்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. அரை மணியில் கழுத்தைத் திருப்ப முடியாமல் போயிற்று. இருமல் வந்தது, இரும முடியவில்லை. மூச்சு மேலோட்டமாக வந்து போனது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தேன். அஞ்சலை என் வாயருகே காதை வைத்து மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணீர் என் கன்னத்தில் விழுந்தது, துடைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. சாயங்காலம்தான் தேறினேன்.

தகவல் போய் அண்ணன் மறுநாள் வந்தபோது நான் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். “டாக்டரம்மாவையும் ஏமாத்திட்டியா?” என்றார். டாக்டரம்மா நோய் நிஜம் என்றார். “என்ன வியாதிங்க?” என்று கேட்டார் அண்ணன். “தெரியலை,” என்றார் டாக்டரம்மா. அண்ணனுக்கு அது பதிலாகவே படவில்லை.

டப்பாவில் பாதிச் சர்க்கரை மிச்சம் இருந்தது. மூச்சு முட்டிய உடம்பு தெம்பாக வேண்டாமா? பத்து நாள் கழித்து அதையும் ஒரே மூச்சில் ஊட்டினாள் அஞ்சலை. விடிந்ததும் மறுபடி கட்டை. ஆனால் அன்று ஒரு வித்தியாசம். வெயில் சூட்டில் எனக்கு முந்தின நாள்தான் நீர்க்கடுப்பு கண்டிருந்தது. அதற்குப் பொட்டாசியம் சிட்ரேட் மிக்சர் என்று ஒன்று உண்டு, எந்த ஆஸ்பத்திரியிலும் ஜாடி நிறைய இருக்கும். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்பே அந்தோணி வந்து, “கை அசையாட்டி என்ன, கடுப்பு நிக்க வேணாமா?” என்று இரண்டு வேளை மருந்தை வாயில் ஊற்றிவிட்டுப் போனார். உப்பும் புளிப்பும் கலந்த கண்றாவி ருசி. எப்போதும் மத்தியானம் தாண்டி அசைகிற விரல் அன்று ஒன்பது மணிக்கு அசைந்தது. பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, மருந்து டம்ளரைப் பார்த்தார். அப்புறம் சர்க்கரை டப்பாவைப் பார்த்தார். “நேத்து என்ன சாப்பிட்டீங்க? அன்னைக்கு? காதுகுத்துக்கு?” என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, “அன்னைக்கு நான் குடுத்த குளுக்கோஸ் தப்பு,” என்றார். அன்றே மெட்ராஸில் தன் பழைய புரொபசருக்குக் கடிதம் போட்டார். எட்டாம் நாள் ரயில் தபாலில் பதில் வந்தது. இப்படி ஒரு நோய் இருக்கிறது, அபூர்வம், விட்டு விட்டு வரும் வாதம் என்று பெயர், அப்போது ரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறது, அதைக் கொடுத்தால் எழுந்துவிடுவார்கள். ஏன் என்று அவருக்கும் தெரியாதாம்.

ஏன் என்பது தெரிய இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று. சமீபத்தில் திருச்சியில் ஒரு டாக்டர் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். நான் எட்டாவது வரை படித்தவன், எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாமலா போகும்?

நம் சதை நூல் நூலான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. சவ்வுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோற்றுப்பில் இருக்கிற சோடியம் அதிகம். இரண்டும் மின்சாரம் ஏறிய துகள்கள், அயனி என்பார்கள். இந்த ஏற்பாட்டால் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு சின்ன மின்னழுத்த வித்தியாசம் நிற்கிறது, டார்ச் பேட்டரியில் இருப்பதில் பதினாறில் ஒரு பங்கு. சவ்வில் அயனிகள் போய்வர நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றைத் திறப்பதும் மூடுவதும் அந்த மின்னழுத்தம்தான். நரம்பு வழியே உத்தரவு வந்தால் அழுத்தம் கொஞ்சம் மாறும். உடனே சோடிய வாயில் திறக்கும், வெளியிலிருக்கும் சோடியம் உள்ளே பாயும், அந்தத் துடிப்பு நார் நெடுக ஓடி, சதை சுருங்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது, திறந்த வாயில் தானே அடைத்துக்கொள்ளும். அப்புறம் பொட்டாசிய வாயில் திறந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் கொஞ்சம் வெளியேறி, சவ்வு பழைய நிலைக்குத் திரும்பும். முழுசாகத் திரும்பினால்தான் அடைத்த சோடிய வாயில் அடுத்த தடவை திறக்கத் தயாராகும்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் கிணற்றுக் கவலைதான் ஞாபகம் வந்தது. மாடு சரிவில் இறங்கினால், தண்ணீர் மொள்கிற சால் மேலே வந்து கொட்டும். மாடு பின்னாலேயே நடந்து மேட்டு உச்சிக்குத் திரும்பினால்தான் சால் மறுபடி தண்ணீரில் முங்கும். பாதி வழியில் மாடு நின்றுவிட்டால் சால் அந்தரத்தில் தொங்கும், எத்தனை அதட்டினாலும் தண்ணீர் வராது. என் சவ்வு வாயில்களில் ஒரு சின்னக் கசிவு இருக்கிறது. சாதாரண நாளில் அது தெரியாது. சர்க்கரையும் சோறும் அளவில்லாமல் போனால் உடம்பு இன்சுலினைச் சுரக்கும், அது சர்க்கரையோடு ரத்தத்துப் பொட்டாசியத்தையும் சதைக்குள் தள்ளிவிடும். வெளியே பொட்டாசியம் குறைந்ததும் கசிவின் கை ஓங்கிவிடும். சவ்வு முழுசாகத் திரும்ப முடியாமல் பாதியில் நின்றுவிடும். சோடிய வாயில்கள் அடைத்தது அடைத்தபடி கிடக்கும். உத்தரவு வந்துகொண்டே இருக்கும், வாயில் திறக்காது. இதயத்துச் சதையின் வாயில்கள் வேறு ரகம், அதனால்தான் பிழைத்துக் கிடக்கிறேன்.

அன்று அரியலூரில், சர்க்கரைதான் காரணம் என்று டாக்டரம்மா சொல்லக் கேட்டதும் அஞ்சலை டப்பாவைத் தூக்கி வாசலில் எறிந்தாள். “எங்கையாலயே ஒங்களுக்கு வெசம் வச்சேனே,” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “நல்லதாப் போச்சு, நீ வைக்கலேன்னா நான் இன்னும் பொய்யனாத்தான் இருந்திருப்பேன்,” என்றேன். அவள் சிரிக்கவில்லை, அழுகை மட்டும் நின்றது.

கடிதத்தின் கடைசி வரி ஒன்றை டாக்டரம்மா எனக்குப் படித்துச் சொன்னார். நோய் வந்திருக்கும்போது சதையின்மேல் நேராக மின்சாரத்தை வைத்தாலும் அது துடிக்காது. நடிக்கிறவன் கால் துடித்தே தீரும், அதை யாராலும் அடக்க முடியாது. நான் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எங்கண்ணன் முன்னால செஞ்சு காட்டுங்கம்மா.”

“வேணாங்க. வேணும்னே நோயை வரவழைக்கணும். அன்னைக்கு மூச்சு என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா? நான் சர்ட்டிபிகேட் எழுதித் தர்றேன், அதைக் காட்டுங்க.”

“அவருக்குப் படிக்கத் தெரியாதுங்க. கண்ணால பாத்தா நம்புவாரு.”

இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார். அண்ணனுக்கு ஆள் போயிற்று. காலையில் வந்து, தோள் துண்டை எடுக்காமல் சுவரோரம் நின்றார். டாக்டரம்மா ஒரு மரப்பெட்டியைக் கொண்டு வந்தார். உள்ளே பேட்டரி, கம்பிச் சுருள், இரண்டு பிடிகள், உப்புத் தண்ணீரில் நனைத்த துணி சுற்றியவை. மரத்துப்போன கை காலுக்கு வைத்தியம் செய்கிற பெட்டி அது. என் கெண்டைக்காலில் வைத்ததும் பெட்டி ‘ர்ர்’ என்றது, கால் துள்ளியது. அண்ணன் காலிலும் வைத்தார். “அய்யோ!” என்று ஒரு முழம் நகர்ந்து போய் நின்றார் அண்ணன். வார்டே சிரித்தது.

அப்புறம் நான் சோறு தின்றேன், கரைத்த சர்க்கரை இரண்டு செம்பு குடித்தேன், படுத்தேன். கரைத்துக் குடித்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், சில மணி நேரத்திலேயே வந்துவிடுமாம். டாக்டரம்மா நாடியைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தார். அந்தோணி மிக்சரை ஊற்றி வைத்துக்கொண்டு நின்றார். பதினொரு மணிக்குத் தொடை கனத்தது. ஒரு மணிக்குக் கால் போயிற்று, அடுத்து கை. அண்ணன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா பிடியைக் கெண்டைக்காலில் வைத்தார். பெட்டி இரைந்தது. கால் கிடந்தது. திருகைக் கூட்டினார். ஒன்றுமில்லை.

“பேட்டரிக் கட்டை தீந்திருக்கும்மா, அந்தப் பொட்டியில,” என்றார் அண்ணன். குரல் கம்மியிருந்தது. டாக்டரம்மா பிடியை அவரிடம் நீட்டினார். அண்ணன் தன் காலில் தானே வைத்துக்கொண்டார். துள்ளி, சுவரில் முதுகு இடித்தது. திரும்ப வந்து, தானே என் காலில் வைத்தார். இந்தக் கால், அந்தக் கால், புஜம். வைத்து வைத்துப் பார்த்தார். பெட்டிதான் இரைந்தது. எனக்கு வலித்தது, சுரீர் என்று வலித்தது, ஆனால் சதை அசையவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். “என்னண்ணே?” என்றேன், கொஞ்சம் திமிராகவே.

அண்ணன் பிடியைக் கீழே வைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துப் பேசினார்.

“அப்பாவும் இப்படித்தாண்டா கெடப்பாரு.”

எனக்கு அது புதுசு. அப்பாவைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

“ஊரே சோம்பேறின்னு சொல்லும். எனக்கு அவமானமா இருக்கும். ஒரு வருசம் பொங்கலுக்கு மறுநாள், மாட்டக் குளிப்பாட்டணும், எந்திரிங்கப்பாங்கிறேன். முடியலைடாங்கிறாரு. எனக்குப் பதினஞ்சு வயசு. நேத்து தின்னப்ப முடிஞ்சுதான்னு கேட்டு, ரெண்டு காலையும் புடிச்சு வாசலுக்கு இழுத்தாந்து வெயில்ல போட்டேன். எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க. சாயங்காலம் வரைக்கும் அங்கயே கெடந்தாரு. அப்புறம் எந்திரிச்சு, மேலு மண்ணத் தட்டிக்கிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாரு. ஒரு வார்த்த திட்டலைடா.”

அந்த வருஷமே அப்பா காய்ச்சலில் போய்விட்டாராம்.

என் கையால் அவர் கையைப் பிடிக்க முடியவில்லை. “அப்ப ஒனக்கு எப்படிண்ணே தெரியும்? நீயும் சின்னப் பையன்தானே,” என்றேன். அவர் காதில் அது விழுந்ததா தெரியாது. டாக்டரம்மா பக்கம் திரும்பி, “இந்த மருந்து அப்பவும் இருந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

டாக்டரம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. “இருந்துச்சுங்க,” என்றார். “நீர்க்கடுப்புக்கு எல்லா எடத்துலயும் குடுத்துட்டுத்தான் இருந்தாங்க.”

அண்ணன் எழுந்து போய் அந்தோணி கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு கையால் என் தலையை ஏந்தி, சிந்தாமல் மடக்கு மடக்காகக் கொடுத்தார். அவசரமாக விழுங்கி நான் காலை அசைக்கப் பார்த்தேன். அவர் என் காலின்மேல் கையை வைத்தார்.

“இரு. எந்திரிக்க முடியிறப்ப எந்திரி. அதுவரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்.”